முறுக்கு விற்கிற ஒரு பக்கம்

(பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்காக மும்பை மாட்டுங்காவில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மெகா பிளாக், பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தி வைக்கிற நாள். தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் நடந்தே வந்துவிடலாம். முலுண்டிலிருந்தும் தொம்பிவிலியிலிருந்தும் வண்டி மாறி மாறி வந்திருக்கிறீர்களே, உங்கள் நேரத்துக்குத் தக்க மாதிரி பேச முயல்கிறேன்.

ரிசல்ட் வருகிற காலத்தில் எனக்குத் தினமும் போன் வரும். "டீச்சர், பையனுக்கு மார்க் கம்மி. உங்க வெப் டிசைன் கோர்ஸ்ல போட்டுடலாமா?" பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின் அம்மாவும் போன் செய்வார். அவர் கேட்பது வேறு: "டீச்சர், இவ இதத்தான் படிப்பேன்னு அடம் பிடிக்கிறா, கொஞ்சம் புத்தி சொல்லுங்க." இந்த இரண்டு போன்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

தொழிற்கல்வி என்றாலே கடைசி பெஞ்சுக்கு ஒதுக்கின இடம் என்ற நினைப்பு இந்த நாட்டில் புதிதில்லை. 1964 முதல் 66 வரை இயங்கிய கோத்தாரி கல்விக் கமிஷனே பள்ளிப் படிப்போடு தொழிலும் சேர வேண்டும் என்றது. 1986 கல்விக் கொள்கை இலக்கே வைத்தது: மேல்நிலை மாணவர்களில் 1990க்குள் பத்து சதவீதம், 1995க்குள் 25 சதவீதம் தொழிற்பிரிவில் இருக்க வேண்டும் என்று. அது நடக்கவில்லை. 2020 கொள்கை ஒரு கணக்கை எடுத்து வைக்கிறது. 19 முதல் 24 வயதுக்குள் வேலைக்கு வருபவர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் இந்தியாவில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96. தொழிற்கல்வியைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கமும் இதற்கு ஒரு காரணம் என்று அந்தக் கொள்கையே வெளிப்படையாகச் சொல்கிறது. அந்தப் பழக்கம் டெல்லியில் மட்டும் இல்லை, நம் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது.

சரி, இந்த வெப் டிசைன் என்ன பாடம்? சி.பி.எஸ்.இ. பள்ளியில் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் 'வெப் அப்ளிகேஷன்' என்று ஒரு திறன் பாடம் உண்டு, எண் 803. எழுத்துத் தேர்வுக்கு 60, செய்முறைக்கு 40. என்னைக் கேட்டால் இதைத் திருப்பிப் போடுவேன். பத்தாவதோடு ஐ.டி.ஐ. போகிறவர்களுக்குக் 'கோபா' என்று ஓராண்டுக் கணினிப் பிரிவு இருக்கிறது, அதிலும் வலைப்பக்கம் செய்யக் கற்றுத் தருகிறார்கள். பன்னிரண்டுக்குப் பிறகு டிகிரி வழி அடைபட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம், பி.வோக். என்று தொழிற்கல்விக்கென்றே ஒரு பட்டம் வந்துவிட்டது. ஒன்று மட்டும் கவனியுங்கள். இன்ஜினியரிங் ஆசை கொஞ்சமாவது இருக்கிற பிள்ளை, கணக்கை விட்டுவிட்டு இதை எடுக்கக்கூடாது. கணக்கோடு சேர்த்து எடுக்கட்டும்.

பாடத்தின் பெயர், எண் எல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லிவிடுவார்கள். உள்ளே எதைக் கற்றுத் தருகிறார்கள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. என் அம்மாவும் கேட்கவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

நான் பன்னிரண்டு முடித்ததும் தாதர் பக்கம் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். ஃபீஸுக்கு அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. ஓராண்டு முழுக்க அங்கே கற்றுத் தந்தது ஒரே மென்பொருள், ஃப்ளாஷ். எழுத்து பறந்து வரும், பொத்தானைத் தொட்டால் பூ மலரும். எந்த மெனுவில் எந்தப் பொத்தான் என்று நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். ஏன் அப்படி, அடியில் என்ன நடக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதுக்கு, சொன்னத கிளிக் பண்ணு" என்பார்கள். 2007இல் ஐபோன் வந்தது. அது ஃப்ளாஷைத் தன் பக்கமே சேர்க்கவில்லை. 2017இல் அடோபி நிறுவனமே இதை நிறுத்தப் போகிறோம் என்றது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு கதை முடிந்தது. அதற்கு வெகு முன்பே எனக்கு வேலை குறைந்து, மகளைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி ராத்திரியாக எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க உட்கார்ந்தேன். வளையலை மீட்டாகிவிட்டது. அந்த ஓராண்டை மீட்க முடியவில்லை.

அப்படிக் கற்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. 1991இல் ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உலகின் முதல் வலைப்பக்கத்தைப் போட்டார். அந்தப் பக்கம் இன்றைக்கும் உங்கள் கையிலிருக்கும் போனில் திறக்கும். அத்தனை பழையது எப்படித் திறக்கிறது? அது எச்.டி.எம்.எல்.லில் எழுதப்பட்டது. இது தலைப்பு, இது பத்தி, இது இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பு என்று அடையாளம் மட்டும் வைத்து எழுதுகிற முறை அது. யாருக்கும் சொந்தமில்லை, காசு கொடுக்க வேண்டியதில்லை. நோட்பேடில் எழுதலாம். அடுத்து, எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது சி.எஸ்.எஸ்., அது 1996இல் வந்தது. தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட், 1995. இந்த மூன்றும் மாறாமல் இல்லை, வளர்ந்துகொண்டே வருகின்றன. ஆனால் படித்தது வீணாகவில்லை. மூன்றையும் கையால் எழுதத் தெரிந்த பிள்ளை புது மென்பொருள் எது வந்தாலும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். மென்பொருளை மட்டும் படித்த பிள்ளை நான் உட்கார்ந்த இடத்தில் வந்து உட்காரும்.

இப்போது ஒரு பெண்ணின் கதை. பெயர் வேண்டாம். தாராவி, தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் வீடு, பூர்வீகம் திருநெல்வேலி. அவளுடைய பெரியம்மா வீட்டிலேயே முறுக்கு சுற்றி விற்கிறார். தேன்குழல், சேவு, கைமுறுக்கு, தீபாவளிக்கு அதிரசம். வகுப்பில் செய்முறைக்காக ஒரு பக்கம் செய்ய வேண்டும். மற்றப் பிள்ளைகள் விராட் கோலிக்கும் தாஜ்மகாலுக்கும் பக்கம் செய்தார்கள். இவள் வந்து, "டீச்சர், எங்க பெரியம்மா யாவாரத்துக்கு ஒண்ணு பண்ணட்டுமா?" என்றாள்.

முதல் நாளே தகராறு. பெரியம்மாவிடம் ஏற்கெனவே விலைப்பட்டியல் ஒன்று இருந்தது, பக்கத்து ஃப்ளெக்ஸ் கடையில் அடித்துக் கொடுத்தது. அந்தக் கடைக்காரரிடம் கோப்பை வாங்கி வந்து பக்கத்தில் ஒட்டினாள். வந்து விழுந்தது தமிழே இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துக் குப்பை. பதறிவிட்டாள். நான் சிரித்தேன், ஏனென்றால் அந்த ஐந்தும் சேர்ந்தால் 'தமிழ்'. பாமினி எழுத்துருவில் அப்படித்தான். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு தமிழ் எழுத்தை வரைந்து ஒட்டியிருப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழ். இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யுனிகோடு முறையில் அப்படி இல்லை. தமிழ் எழுத்துக்குச் சொந்த இடம், சொந்த எண். அந்த இடம் தமிழுக்குக் கிடைத்ததும் அதே 1991இல்தான். அன்று வகுப்பு முழுவதும் முறுக்குப் பட்டியலைத் தமிழ்99 விசைப்பலகையில் யுனிகோடில் திரும்ப அடித்தது. அதைவிட நல்ல பாடம் நான் எடுத்ததில்லை.

அப்புறம் படம். 'தேன்குழல்' என்று படத்தின் மேலேயே எழுதிப் பார்த்தாள். இரட்டைக்கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. இதுவும் ஏன் என்று தெரிய வேண்டும். கணினி 'தே' என்பதை முதலில் 'த', அடுத்து ஏகாரக் குறி என்றுதான் சேமிக்கிறது, நாம் வாயால் சொல்கிற வரிசையில். கொம்பை எடுத்து முன்னால் நிறுத்துவது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. ஃபோட்டோஷாப்பில் அதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது, தெற்காசிய எழுத்துக்கானதாக மாற்றி வைத்தால் கொம்பு தன் இடத்துக்குப் போய்விடும். இது தெரியாமல் கொம்பு இடம் மாறிய பலகைகளை இந்த ஊரில் எத்தனை பார்த்திருக்கிறோம்! கல்யாண வாழ்த்துப் பேனரில், கோயில் கொடை அறிவிப்பில். எனக்கு மனது வலிக்கும். அடித்தவருக்குத் தமிழ் தெரியாதது குற்றமில்லை, தெரிந்த நம் பிள்ளை அந்த வேலையில் இல்லையே என்றுதான் வலிக்கும்.

எழுத்துரு தேடும்போது அவளுக்கு ஒரு மகிழ்ச்சி. 'பாலூ தம்பி' என்று கொழுகொழுவென்று ஓர் எழுத்துரு, இலவசம். 'முக்த மலர்' என்று இன்னொன்று. இரண்டையும் செய்த 'ஏக் டைப்' இதே மும்பைக்காரர்கள். "நம்ம ஊர்லயா டீச்சர் செஞ்சாங்க?" என்று நம்பவே இல்லை. எழுத்தை வரைவதே ஒரு தொழில் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தலைப்புக்குத் தம்பி, விவரத்துக்கு மலர் என்று முடிவு செய்தாள். வரிக்கும் வரிக்கும் ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளியையே வைத்தாள், மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர விசிறியும் இடித்துக்கொண்டன. ஒன்றரை மடங்குக்கு மேலே ஏற்றினாள், மூச்சு விட்டது. 'ஆர்டர்' என்றால் சின்னப் பொத்தான் போதும். 'பதிவுசெய்துகொள்ளுங்கள்' என்றால் பொத்தானைத் தாண்டி எழுத்து வழியும். கடைசியில் 'வாங்க' என்று போட்டாள். மூன்றே எழுத்து.

போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலு எம்.பி. அவள் வீட்டுச் சந்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவான். படத்தைச் சுருக்கி நூறு, நூற்றைம்பது கே.பி.க்குள் கொண்டு வந்தாள், முறுக்கின் முள் தெரிகிற அளவுக்குத் தெளிவும் விடவில்லை. கண் தெரியாதவர்களுக்குத் திரை வாசிப்பான் படித்துச் சொல்ல ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதச் சொன்னேன். 'முறுக்கு' என்று எழுதினாள். கண் தெரியாதவருக்கு இது போதுமா என்றேன். யோசித்து, 'வாழையிலையில் ஐந்து சுற்றுக் கைமுறுக்கு, பொன்னிறம்' என்று எழுதினாள். வெளிர் மஞ்சளில் வெள்ளை எழுத்து வைத்திருந்ததையும் மாற்றினாள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது நாலரைக்கு ஒன்று என்ற வேறுபாடு வேண்டும் என்று உலக அளவில் விதி இருக்கிறது. வெயிலில் நின்று போன் பார்க்கிறவருக்கு அந்த விதியின் அருமை தெரியும்.

எல்லாம் முடிந்து பெரியம்மாவிடம் காட்டினாள். அவர் கை மாவைத் துடைத்துக்கொண்டு மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ஏட்டி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வெலையப் போடலியே?"

இத்தனை நாள் நானும் அதைக் கவனிக்கவில்லை. எழுத்துரு பார்த்தோம், நிறம் பார்த்தோம், வாங்க வருகிறவன் முதலில் தேடுவதை விட்டுவிட்டோம். விலை முதலில் வரும்படி பக்கத்தையே பிரித்துப் போட்டாள். வாட்ஸ்அப்புக்கு நேரே போகும் பொத்தானை அடியிலிருந்து கட்டைவிரல் எட்டும் இடத்துக்கு நகர்த்தினாள். அந்தத் தீபாவளிக்குப் பக்கம் வழியாக ஆர்டர் வந்தது. எத்தனை என்று பெரியம்மா எனக்குச் சொல்லவில்லை, ஒரு டப்பா அதிரசம் அனுப்பினார்.

கேள்வி நேரத்தில் நிச்சயம் ஒருவர் எழுந்து கேட்பார், இதையெல்லாம் ஏ.ஐ. செய்துவிடாதா என்று. இப்போதே சொல்லிவிடுகிறேன். நிறையச் செய்யும். நோட்பேடில் நாலு நாள் எழுதுவதை நாலு நிமிடத்தில் எழுதித் தரும், என் மாணவர்களும் பயன்படுத்துகிறார்கள், நான் தடுப்பதில்லை. ஆனால் அதனிடம் தமிழ்ச் சுவரொட்டி கேட்டு வாங்கிய பல படங்களில், தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ் மாதிரியும் கிட்டே போனால் எந்த மொழியும் இல்லாததுமான எழுத்தைப் பார்த்திருக்கிறேன். அதைத் தப்பு என்று கண்டுபிடிக்கத் தமிழும் தெரிய வேண்டும், எழுத்து எப்படித் திரைக்கு வருகிறது என்றும் தெரிய வேண்டும். 'வெலையப் போடலியே' என்று கேட்க ஒரு பெரியம்மா வேண்டும். கொடுத்ததை அப்படியே வாங்கி ஒட்டுகிற வேலைக்கு இனி சம்பளம் இருக்காது. பழைய ஃப்ளாஷ்காரி சொல்கிறேன், நம்புங்கள்.

அதனால் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது, லேப் ஏ.சி.யா என்று கேட்காதீர்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளையின் கை விசைப்பலகையில் இருக்கும் என்று கேளுங்கள். இரண்டு பேருக்கு ஒரு கணினியா, நாலு பேருக்கு ஒன்றா? முதல் மாதத்தில் கையால் எச்.டி.எம்.எல். எழுத வைக்கிறார்களா? போன வருடத்துப் பிள்ளைகள் செய்த பக்கங்களைக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் போனிலேயே திறந்து பாருங்கள். ஒரு பக்கமாவது உண்மையான ஆளுக்காகச் செய்ததா? படத்துக்கு ஜிம்ப், வரைவதற்கு இங்க்ஸ்கேப், ஒலிக்கு ஆடாசிட்டி போன்ற காசில்லாத மென்பொருள்களில் கற்றுத் தருகிறார்களா, இல்லை திருட்டு மென்பொருளா? திருட்டு மென்பொருளில் படிக்கிற பிள்ளை அடுத்தவர் எடுத்த படத்தையும் கூசாமல் எடுத்துப் போடும், வேலைக்குப் போன இடத்தில் அது பெரிய வம்பாகும்.

மார்க் கம்மி என்று போன் செய்கிற அப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேருங்கள், தாராளமாக. ஆனால் மார்க் கம்மி என்பதற்காகச் சேர்க்காதீர்கள். படிக்கிறது பிடிக்காமல் இருக்கிற பிள்ளை இங்கேயும் படித்துத்தான் ஆக வேண்டும், ஒரு நிறுத்தற்குறி விட்டுப்போனால் பக்கமே குலைந்துவிடும். புத்தி சொல்லுங்கள் என்று கேட்கிற அம்மாவுக்கு: நான் சொல்ல மாட்டேன். அவள் அடம் பிடிப்பதை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் லேப் திறந்திருக்கும். இருபது கணினியில் பதினேழு ஓடுகிறது, முதலில் வருகிறவர்களுக்கு இடம். பிள்ளையோடு வாருங்கள். வரும்போது உங்கள் வீட்டிலோ தெருவிலோ தொழில் செய்கிற ஒருவரின் விவரத்தை ஒரு தாளில் எழுதி வாருங்கள்: என்ன விற்கிறார், எந்த நேரம் இருப்பார். விலையை மறக்காதீர்கள்.