தேதி வந்துதான் நாவலை முடிக்குது

(நாவல் எழுதுறவங்களுக்கான ஒரு பட்டறையில பேசினது. பேச்சு வாக்கை அப்படியே விட்டிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் குடுத்த தலைப்பு 'நாவலைத் திருத்துவது எப்படி'. எப்படித் திருத்தறதுன்னு சொல்றதுக்கு நெறைய பேர் இருக்காங்க, எப்ப நிறுத்தறதுன்னு சொல்லத்தான் ஆளைக் காணோம், அதனால நான் அதைப் பத்தி பேசிட்டுப் போயிடறேன்.

முதல் டிராஃப்ட் முடிஞ்ச அன்னிக்கு ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அதை மட்டும் நம்பாதீங்க. அப்ப நம்ம கையில இருக்கறது நமக்கு நாமளே சொல்லிக்கிட்ட கதை. அதை அடுத்தவங்களுக்கு சொல்ற கதையா மாத்தறதுதான் திருத்தம், அதுல முதல் ரவுண்டு பெரும்பாலும் வெட்டறதுதான். நாவல் நெஜமா மூணாவது அத்தியாயத்துல ஆரம்பிச்சிருக்கும், அதுக்கு முன்னாடி உள்ளது நாம சூடேத்திக்கிட்டது. ரெண்டு கதாபாத்திரம் ஒரே வேலையை செஞ்சிட்டு இருப்பாங்க, ஒருத்தரை அனுப்பிடணும். அவன் ஏன் கோவப்பட்டான்னு வசனத்துலயே தெரிஞ்சு போச்சு, ஆனாலும் கீழ ஒரு பாரா விளக்கம் நிக்கும், ஏன்னா வாசகர் மேல நமக்கு அவ்ளோ நம்பிக்கை. இந்த வேலைக்கு மாசக்கணக்குல ஆனாலும் ஆகட்டும், இது வீண் இல்ல.

அடுத்தது காது. ஃப்ளோபேர் 'மதாம் பொவாரி'யை கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் எழுதினாரு, எழுதினதை சத்தமா கத்திப் படிச்சுப் பாக்கற பழக்கம் அவருக்கு உண்டு. நாம கத்த வேணாம், வாய்விட்டு படிச்சாலே போதும், எங்க மூச்சு முட்டுதோ அங்க வாக்கியம் சரியில்ல, எங்க நமக்கே கூச்சமா இருக்கோ அங்க பொய் இருக்கு.

இதுக்கு அப்புறம் வர்றதுதான் ஆபத்தான ரவுண்டு. 'சென்றான்'ங்கறதை 'போனான்'னு மாத்துவோம், ரெண்டு நாள் கழிச்சு திரும்ப 'சென்றான்' ஆக்குவோம், கமாவை எடுப்போம், வெப்போம். போன வெர்ஷன்ல எடுத்ததையே இந்த வெர்ஷன்ல திரும்ப வெக்க ஆரம்பிச்சிட்டீங்கன்னா வேலை முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல நடக்கறது பயம். உடனே யாராவது ஹெமிங்வேயை இழுப்பீங்க. உண்மைதான், 'ஏ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' கடைசிப் பக்கத்தை 39 தடவை எழுதினதா 1958ல வந்த ஒரு பேட்டியில அவரே சொன்னாரு, 2012ல வந்த பதிப்புல 47 முடிவு வரைக்கும் கண்டுபிடிச்சுப் போட்டிருந்தாங்க. ஆனா அந்த நாவல் 1929லயே வெளிய வந்துடுச்சு, அதையும் சேத்து சொல்லணும் இல்லையா? ஒரு நாள் அவரும் நிறுத்தினாரு.

இடையில ஒரு நடைமுறை விஷயம், சிரிக்காதீங்க. ஃபைலுக்குப் பேரு வெக்கறது. 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்'னு வெச்சா எந்த ஃபைல் அச்சுக்குப் போகும்னு கடவுளுக்குதான் தெரியும். ஜோனதன் ஃப்ரான்சனோட 'ஃப்ரீடம்' 2010ல பிரிட்டன்ல வந்தப்போ பழைய டிராஃப்ட்தான் அச்சாகி கடைக்கே போயிடுச்சு, வாங்கினவங்களுக்கு மாத்திக் குடுக்கற அளவுக்கு ஆச்சு. அதனால தேதி போட்டு வைங்க. அப்புறம் கடைசி நேரத்துல கதாநாயகி பேரை மாத்தறவங்க கவனம், 'கலா'வை எல்லா இடத்துலயும் 'மீனா'ன்னு ஒரே அடியா ரீப்ளேஸ் பண்ணா 'கலாச்சாரம்' 'மீனாச்சாரம்' ஆயிடும், 'கலாட்டா' 'மீனாட்டா' ஆயிடும், அதை சந்திப் பிழை பாக்கறவரு கண்டுபிடிச்சா உங்க அதிர்ஷ்டம்.

ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முன்னாடி சரிபாக்க வர்ற பக்கங்கள், வந்தப்புறம் இன்னொரு உலகம். லே அவுட் முடிஞ்ச பக்கத்துல நாலு வரி சேத்தா அந்த அத்தியாயம் முழுக்கத் தள்ளிப் போகும், ஒரே தாள்ல சேத்து அச்சடிக்கற 16 பக்கம் ஒரு ஃபாரம்னு கணக்கு வெச்சிருப்பாங்க அது உடையும், பக்கம் கூடினா புத்தக முதுகோட அகலம் மாறும், அட்டையை மறுபடி செய்யணும். நமக்கு நாலு வரி, அங்க நாலு பேருக்கு வேலை. இப்படிச் சொன்னா ஜாய்ஸ் என்ன பண்ணாருன்னு கேப்பீங்க. அவரு 'யுலிசிஸ்' ப்ரூஃப்லயே ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புதுசா எழுதி சேத்தாரு, அச்சுக்கோக்கறவங்க பாடு என்னவா இருந்திருக்கும்! ஆனா அவரையும் நிறுத்தினது ஒரு தேதிதான். தன்னோட 40வது பிறந்தநாளுக்குப் புத்தகம் கையில வேணும்னு பிடிவாதம், 1922 பிப்ரவரி 2 காலையில, அச்சடிச்ச ஊரான டிஜோன்ல இருந்து ரயில்ல ரெண்டே ரெண்டு காப்பி பாரிஸ் வந்து சேந்துது. உள்ள அச்சுப்பிழைகளைப் பொறுத்துக்கச் சொல்லி பதிப்பாளர் குறிப்பு வேற. பிறந்தநாள்னு ஒண்ணு இல்லேன்னா அந்த மனுஷன் இன்னும் சேத்துட்டே இருந்திருப்பாருன்னுதான் நான் நினைக்கிறேன்.

சரி, அச்சுக்குப் போயாச்சு, வெளியீட்டுக்கு இன்னும் நாள் இருக்கு. இந்த இடைவெளியைப் பத்தி யாரும் எழுத மாட்டேங்கறாங்க. மாத்த முடியாதுன்னு ஆனப்புறம்தான் மாத்த வேண்டியது எல்லாம் பளிச்சுன்னு தெரியும், ராத்திரி ரெண்டு மணிக்கு எட்டாவது அத்தியாயத்துக்கு அருமையான முதல் வரி வரும், வரட்டும், அடுத்த நாவலுக்கு வெச்சுக்கோங்க. ஃபிட்ஸ்ஜெரால்ட் 'தி கிரேட் கேட்ஸ்பி'க்கு ப்ரூஃப்ல பெருசா திருத்தம் பண்ணி அனுப்பிட்டு, புத்தகம் 1925 ஏப்ரல் 10 வரப்போகுது, மார்ச்ல தந்தி அடிச்சு தலைப்பை 'அண்டர் தி ரெட் ஒயிட் அண்ட் ப்ளூ'ன்னு மாத்த முடியுமான்னு கேட்டாரு. நேரம் தாண்டிடுச்சு. நல்ல வேளை தாண்டிச்சு! எழுதினவருக்கே கடைசி வாரத்துல புத்தி எப்படிக் கலங்கும்னு இதை விட என்ன சாட்சி வேணும்.

அதனால காத்திருக்கற நேரத்துல அந்த பிடிஎஃப்பைத் திறக்காதீங்க. அழைப்பிதழ் சரியா இருக்கான்னு பாருங்க, பேசறவங்களுக்கு முன்கூட்டியே காப்பி போச்சான்னு பாருங்க, முக்கியமா முழுசாப் படிக்க நேரம் குடுங்க, மேடையில பின்னட்டையைப் படிச்சிட்டுப் பேசறவங்களை நாம எல்லாம் பாத்திருக்கோம். வேற ஏதாவது எழுத ஆரம்பிச்சிட்டா இன்னும் நல்லது, அந்த வேலை எவ்ளோ மட்டமா போனாலும் பரவாயில்ல.

அப்புறம் வெளியீட்டு அன்னிக்கு நீங்க ஒரு பக்கம் வாசிக்கணும். ரொம்ப பாடுபட்டுத் திருத்தின பக்கத்தை எடுக்காதீங்க, அதோட பழைய வடிவம் எல்லாம் வாய்க்குள்ள வந்து முட்டும். முதல் டிராஃப்ட்ல எப்படி வந்துச்சோ அப்படியே நின்ன பக்கம் ஒண்ணு ரெண்டு கட்டாயம் இருக்கும், அதை எடுங்க. வாசிக்கும்போது அச்சுப்பிழை கண்ணுல பட்டா நிக்காம சரியா உச்சரிச்சுட்டுப் போயிடுங்க, கேக்கறவங்களுக்குத் தெரியவா போகுது. பேனாவை மட்டும் கையெழுத்துக்குத் தவிர எடுக்காதீங்க, விக்கிற காப்பியிலயே கமா போட்டுக்கிட்டு உக்காந்திருந்த ஒருத்தரை எனக்குத் தெரியும். அவரோட ரெண்டாவது பதிப்பு இன்னும் வரல. கேள்வி இருந்தா கேளுங்க.