எக்செல் பாஸ்வேர்ட் எதைக் காக்கும், எதைக் காக்காது?

[திரையில்: எக்செலின் 'ரிவ்யூ' டேப், அதில் 'ப்ரொடெக்ட் ஷீட்' பட்டன்]

வணக்கம். சம்பளப் பட்டியல் இருக்கும் எக்செல் ஷீட்டுக்கு பாஸ்வேர்ட் போட்டுவிட்டு, இனி கவலையில்லை என்று மெயிலில் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பட்டியல் பாதுகாப்பாக இருக்கிறதா என்பது, பாஸ்வேர்டை எந்த மெனுவில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

திரையில் தெரியும் இந்த 'ப்ரொடெக்ட் ஷீட்' பட்டன் திருத்துவதைத்தான் தடுக்கும். உள்ளே இருக்கும் பெயர்கள், தொகைகள், நீங்கள் 'ஹைட்' செய்து வைத்த காலம்கள் எல்லாம் ஃபைலுக்குள் அப்படியே இருக்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இன்றைய எக்செல் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய மூட்டை. ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ஷீட்டும் எக்ஸ்எம்எல் எனப்படும் தனித்தனி எழுத்து ஃபைலாக உள்ளே இருக்கும். ஷீட்டின் பாதுகாப்பு அதில் ஒரு சின்னக் குறிப்பு மட்டுமே. நோட்பேடில் அந்தக் குறிப்பை அழித்துவிட்டு ஃபைலைத் திரும்ப வைத்தால் பூட்டு போய்விடும். பாஸ்வேர்ட் ஐந்து எழுத்தா ஐம்பது எழுத்தா என்பது பொருட்டே இல்லை, ஏனென்றால் அதை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. ஷீட் பாதுகாப்பை ஒரு செக்யூரிட்டி வசதியாக நினைக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. தெரியாமல் கைபட்டு ஃபார்முலா அழியாமல் இருக்க இது நல்ல வசதி, அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்டில் இருக்கும் 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' வசதியும் இதே ரகம்தான். பிடிஎஃப் ஃபைலில் பிரின்ட் எடுக்கக் கூடாது, காப்பி செய்யக் கூடாது என்று வைக்கும் தடையும் அப்படியே. திறப்பதற்கு பாஸ்வேர்ட் கேட்காத பிடிஎஃப் என்றால், திறக்கும் மென்பொருள் மதித்தால்தான் அந்தத் தடைக்கு மதிப்பு.

[திரையில்: ஃபைல், இன்ஃபோ, ப்ரொடெக்ட் வொர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்]

சரி, உண்மையான பூட்டு எங்கே இருக்கிறது? இங்கேதான். இதில் பாஸ்வேர்ட் போட்டால் ஃபைலின் உள்ளடக்கம் முழுவதும் என்கிரிப்ட் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாறிவிடும். அந்த ஜிப் சோதனையை இப்போது செய்தால் எதுவும் திறக்காது.

ஆனால் ஃபைல் எந்தக் காலத்து வடிவம் என்பதையும் பார்க்க வேண்டும். ஆஃபீஸ் 97 முதல் 2003 வரை வழக்கமாக இருந்தது 40 பிட் சாவி, அதாவது 0, 1 என்ற இலக்கங்கள் நாற்பது மட்டுமே கொண்ட குட்டிச் சாவி. அதில் இருக்கக்கூடிய எல்லாச் சாவிகளையும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முயன்று முடித்துவிடலாம், பாஸ்வேர்ட் எவ்வளவு கடினமாக இருந்தாலும். 2007 பதிப்பில் ஏஇஎஸ் என்ற வலுவான என்கிரிப்ஷன் முறை வந்தது. அதோடு, ஒவ்வொரு பாஸ்வேர்டையும் சரிபார்க்க, அதை உருத்தெரியாமல் கலக்கும் 'ஹாஷ்' என்ற கணக்கை 50,000 முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். 2010-ல் அது 1,00,000 முறை ஆனது. சரியான பாஸ்வேர்ட் போடுகிற உங்களுக்கு இந்தத் தாமதம் தெரியவே தெரியாது, கோடிக்கணக்கில் முயல்கிறவருக்குத்தான் தெரியும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். தாக்குகிறவரின் கருவி நொடிக்கு 10,000 பாஸ்வேர்டுகளை முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறந்த தேதியை பாஸ்வேர்டாக வைத்திருந்தால், 100 வருடத்துக்கும் சேர்த்து சுமார் 36,500 தேதிகள்தான். நான்கு நொடியில் முடிந்துவிடும்! தாறுமாறாக எடுத்த எட்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகள் என்றால், எல்லாவற்றையும் முயல எட்டு மாதம். பத்துக் கருவிகள் சேர்ந்தால் அதுவே 24 நாள்தான். 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து, தாயம் உருட்டி நான்கு சொற்களை எடுத்தால்? ஒரு கருவிக்கு 11,000 ஆண்டுகளுக்கு மேல். சொற்களை நீங்களாக யோசித்து எடுக்கக் கூடாது, குலுக்கல்தான் எடுத்துத் தர வேண்டும். நமக்குப் பிடித்த சொல் என்ன என்று ஊகிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

இவ்வளவு செய்துவிட்டு, ஃபைல் போகிற அதே மெயிலில் பாஸ்வேர்டையும் எழுதி அனுப்பாதீர்கள். போன் செய்து சொல்லுங்கள்.

[திரையில்: விண்டோஸ் லாகின் திரை]

அடுத்து கம்ப்யூட்டர். விண்டோஸில் நுழையும்போது கேட்கிற பாஸ்வேர்ட், அது மட்டும் தனியாக, ஹார்ட் டிஸ்கை என்கிரிப்ட் செய்வதில்லை. திருடு போன லேப்டாப்பின் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ, பென்டிரைவில் இருக்கும் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் வழியாக அதைத் துவக்கினாலோ, ஃபைல்களைப் படித்துவிடலாம். லாகின் பாஸ்வேர்டை யாரும் கேட்க மாட்டார்கள். இதைத் தடுப்பது டிஸ்க் என்கிரிப்ஷன்: விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். செட்டிங்ஸில் போய் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: லாகின் செய்த நிலையில் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனால், இது எந்த விதத்திலும் காப்பாற்றாது. எழுந்துபோகும்போது விண்டோஸ் பட்டனோடு 'எல்' அழுத்தி லாக் செய்துவிடுங்கள்.

அப்புறம், நிஜமான பூட்டு உங்களுக்கும் பூட்டுதான். என்கிரிப்ட் செய்த எக்செல் ஃபைலின் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது. அதை ஒரு பாஸ்வேர்ட் மேனேஜரில், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் ஆப்பில், சேமித்துவிடுங்கள். பிட்லாக்கர் தரும் 48 இலக்க ரிகவரி கீயைப் பிரின்ட் எடுத்து, லேப்டாப் பையில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.