லாரி எங்கே போகிறது?

எல்லோருக்கும் வணக்கம்.

1950-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் நெவாடா மாநிலம். வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண் காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் ஒரு லாரி. அதன் பின்பக்கத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே போனது. அவர் அலுவலகத்தை மறந்துவிட்டு லாரியின் பின்னாலேயே போனார். உள்ளே, மேய்ச்சல் வெளியில் விரட்டிப் பிடித்த காட்டுக் குதிரைகள் நெருக்கியடித்து நின்றன. கால்களுக்கு நடுவே ஒரு குட்டி மிதிபட்டுக் கிடந்தது. அவை போனது நாய்த் தீனிக்கு. வெல்மா விடவில்லை. காட்டுக் குதிரைகளை விமானத்திலும் வண்டியிலும் துரத்திப் பிடிக்கக் கூடாது என்று 1959-இல் சட்டம் வந்தது. அதைக் கேட்டுப் பள்ளிப் பிள்ளைகள்கூடக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

நான் பேச வந்தது கறிக்காக வெட்டப்படும் வீட்டுக் குதிரைகளைப் பற்றி. ஆனால் அந்த லாரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் 'அடிமாட்டு விலை' என்கிறோம். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் போகும் வண்டியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் விளங்கும். அமெரிக்காவில் குதிரை ஏலத்திலும் அப்படி வாங்குகிறவர் உண்டு. பந்தயத்தில் ஓடியது, வண்டி இழுத்தது, பிள்ளைகள் சவாரி பழகியது, எல்லாம் அவருக்கு எடைதான். இத்தனைக்கும் அமெரிக்கர்கள் குதிரைக்கறி சாப்பிடுவதில்லை என்றே சொல்லலாம். கறி ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் போனது.

2007-இல் அமெரிக்காவில் குதிரை வெட்டும் தொட்டிகளில், அதாவது இறைச்சிக் கூடங்களில், கடைசி மூன்றும் மூடின. டெக்சஸில் இரண்டு, இல்லினாய்ஸில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், டெக்சஸில் குதிரைக்கறியை உணவுக்காக விற்கத் தடைச் சட்டம் 1949-லிருந்தே இருந்தது! செல்லும் என்று நீதிமன்றம் சொல்ல 2007 ஆகிவிட்டது.

சரி, குதிரைகள் பிழைத்தனவா? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2011-இல் கணக்குப் பார்த்தது. 2006-இல் வெட்டுக்குப் போனவை சுமார் 1,38,000. 2010-லும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. தொட்டி மட்டும் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் மாறியிருந்தது. மெக்சிகோவுக்குப் போனவை ஏழு மடங்குக்கு மேல் ஆகிவிட்டன. அதாவது, சாவு அதேதான், பயணம்தான் நீண்டது. வெட்டுக்கு அனுப்பும் குதிரையை 28 மணி நேரம் வரை தீனி, தண்ணீர் இல்லாமல் கொண்டுபோக விதி இடம் தருகிறது. முன்பு மாட்டுக்கென்று செய்த இரண்டடுக்கு வண்டியிலும் ஏற்றினார்கள். குதிரை தலையைத் தூக்கி நிற்க அதில் இடமில்லை.

'ஆடு, மாடு தின்னலாம், குதிரை மட்டும் கூடாதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குதிரை புனிதம் என்று நான் வாதாட வரவில்லை. அந்த நாட்டில் குதிரையைக் கறிக்காக வளர்ப்பதில்லை. கால் வலித்தால் ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலிமருந்தைச் சர்வசாதாரணமாகக் கொடுக்கிறார்கள். உணவுக்கான விலங்குக்கு அதைக் கொடுக்கவே கூடாது. மனிதரின் ரத்த உற்பத்தியைக் கெடுக்கக்கூடியது. எந்தக் குதிரை எத்தனை ஊசி வாங்கியது என்று ஏலத்தில் யார் எழுதி வைக்கிறார்கள்? மருந்து விவரத்தை நம்ப முடியாமல்தான் மெக்சிகோவின் குதிரைக்கறியை ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் நிறுத்தியது.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. நோயாளிக் குதிரையை டாக்டரை வைத்து வலியில்லாமல் முடித்துப் புதைக்கக் காசு செலவாகும். ஏலத்தில் விட்டால் காசு வரும். இந்த இடைவெளியில்தான் புரோக்கர் நிற்கிறார். ஏழை உரிமையாளருக்கு மலிவான வைத்தியம் கிடைக்க வழி செய்யாமல் தடையை மட்டும் போட்டால், குதிரை பட்டினியில் கிடக்கும். இரக்கப்படுகிறவர்கள் இந்தச் செலவைப் பற்றிப் பேசுவது குறைவு என்பது என் குறை.

ஏற்றுமதி முன்னைவிட இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் எல்லை திறந்தேதான் இருக்கிறது. 2018-இல் நாயையும் பூனையையும் உணவுக்காகக் கொல்லவோ, அதற்காக வண்டியில் அனுப்பவோ கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. அந்தப் பிரிவில் குதிரையையும் கழுதையையும் சேருங்கள் என்று ஒரு மசோதா திரும்பத் திரும்பக் கொண்டுவரப்படுகிறது. தொட்டியை மட்டுமல்ல, லாரியையும் தடுக்கிற மசோதா அது. ஒவ்வொரு முறையும் ஆதரவுக் கையெழுத்துகள் சேர்கின்றன, அப்புறம் நாடாளுமன்றத்தின் காலம் முடிந்து மசோதா காலாவதியாகிவிடுகிறது.