மூன்றாம் நாள் இரவு

நேயர்களுக்கு வணக்கம். குடிநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவன் நான். பல ஆண்டுகளாகத் தினமும் குடித்துவந்தவர், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துகிறார். அல்லது வீட்டார் அவரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அந்த மன உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை இன்று சொல்லியாக வேண்டும்.

மது மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. மேட்டில் பாரம் இழுக்கும் மாட்டைப்போல, மூளை அதை எதிர்த்துத் திமிறிப் பழகிவிடுகிறது. திடீரென்று பாரம் கழன்றால் மாடு என்ன ஆகும்? தலைதெறிக்கப் பாயும். குடியை நிறுத்திய சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் மூன்றாம் நாளையொட்டி, சிலருக்குக் காய்ச்சலும் படபடப்புமாகப் பிதற்றல் தொடங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், மனைவியையே யாரென்று கேட்பார். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியிடம் அழைத்துப் போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம்.

மருத்துவமனையில், திமிறும் மூளையை அமைதிப்படுத்தும் டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, ஒரு வார அளவில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறோம். "ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள், டாக்டர்" என்று உறவினர்கள் கேட்பார்கள். குடிநோயாளியின் உடலில் பி1 வைட்டமினான தயமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். அதனால்தான் தயமின் ஊசியை முதலில் போடுகிறோம்.

அந்த வாரம் முடிந்ததும் நோயாளி நன்றாகச் சாப்பிடுவார், முகம் தெளிந்திருக்கும். குணமாகிவிட்டது என்று அழைத்துப் போய்விடுகிறார்கள். எனக்கு மிகுந்த வேதனை தருவது இதுதான். நஞ்சு இறங்கியிருக்கிறது, நாட்டம் அப்படியே இருக்கிறது. ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. உடலின் தாங்கும் சக்தி குறைந்திருப்பதால், பழைய அளவை மீண்டும் எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம்.

கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய மையம், மருந்தோடு நிற்காமல் நோயாளிக்கு ஆலோசனையும் குடும்பத்தினருக்குத் தனிப் பயிற்சியும் அளித்துவருகிறது. மனைவியும் தாயும் வந்து உட்கார்ந்து பேசுவதும் சிகிச்சைதான்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். மருத்துவரிடம் மூன்று விவரங்களை மறைக்காமல் சொல்லுங்கள்: தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா.