கடை பூட்டிய பிறகு எரிந்த விளக்கு

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்தில் பெரிய கடைப் பக்கம் ஒரு புடவைக் கடை. கடை முதலாளி இரண்டு முறைப்பாடு சொல்லித்தான் வயரிங் வேலை செய்யும் என்னைக் கூப்பிட்டார். பின்பக்க வரிசையில் ரியூப் லைற்றுகள் பொழுதுபடும் நேரம் பார்த்து விட்டுவிட்டு எரிகின்றன, ஸ்ராட்டர் மாற்றி, சோக் மாற்றி, ரியூப்பும் மாற்றியாகிவிட்டது. மற்றது, கறண்ட் போனால் எமர்ஜென்சி லைற் இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. "தம்பி, போன வருசம்தான் பற்றரி மாத்தினது, கள்ளச் சாமானாக்கும்" என்றார். பற்றரி அசல் சாமான்தான்.

முதலில் ரியூப் லைற்றைப் பார்ப்போம். நம் நாட்டில் வீட்டுக்கும் கடைக்கும் வருவது 230 வோல்ற், அது 216க்கும் 244க்கும் இடையில் நின்றால் சரி. மெயின் போர்டில் அளந்தேன், 228. பின் வரிசையில் கடைசி லைற்றடியில், சுவிற்சைப் போட்டு லைற்றுகளைக் கழற்றிவிட்டு அளந்தேன், அங்கேயும் 228. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் "வயரிங்கில் ஒரு பிழையும் இல்லை" என்று சொல்லிவிட்டு ஏணியை விட்டு இறங்கிவிடுகிறார்கள். எல்லா லைற்றும் எரியும்போது அளந்தால்தான் உண்மை தெரியும், ஏனென்றால் கறண்ட் ஓடாத வயரில் வோல்ற்றேஜ் குறையவே மாட்டாது. தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஆட்கள் இப்போதும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். டைனமோவைத் தனியே சுற்றும்போது லேசாகச் சுற்றும், வானொலியைக் கொழுவிய பிறகுதான் கால் நோவது தெரியும். அதே கதைதான். எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளந்தபோது கடைசி லைற்றடியில் 198.

அந்த 30 வோல்ற் எங்கே போனது? சீலிங் பலகையைக் கழற்றிப் பார்த்தால், நியூட்ரல் வயர், அதாவது கறண்ட் திரும்பிப் போகும் வயர், இரண்டையும் கையால் முறுக்கி மேலே ரேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். ரேப் இளகி ஒட்டுப்பால் மாதிரி வடிந்திருந்தது, உள்ளே செம்பு கருகிப் பச்சை பூத்திருந்தது. நமது உப்புக் காற்றுக்கு இப்படிப்பட்ட மூட்டு ஒன்றும் தாங்காது. அந்த வரிசையில் ஓடியது சுமார் 3 அம்பியர். 30ஐ 3ஆல் பெருக்கினால் 90 வாற், அவ்வளவு சூடும் விரல் நுனியளவு மூட்டில், அதுவும் காய்ந்த பலகைக்கு மேலே, கீழே முழுக்கச் சேலை! ரியூப் விட்டுவிட்டு எரிந்தது நல்லதுக்குத்தான் என்று அவரிடம் சொன்னேன். வயரை வெட்டி, சுத்தம் செய்து, திருகாணி வைத்த கனெக்ரரில் இறுக்கிய பிறகு 226 காட்டியது. பழைய ரியூப்புகளே பற்றின.

இதில் இன்னொன்று. கறண்ட் இருந்தால் எரியும் ரெஸ்ரர் திருப்புளியை மட்டும் நம்ப வேண்டாம். நியூட்ரல் அறுந்திருந்தால், லைற்றுக்குள்ளால் கறண்ட் வந்து நியூட்ரல் வயரிலும் ரெஸ்ரர் எரியும். நியூட்ரல்தானே என்று கையை வைத்தால் ஆளையே கொல்லும். மூன்று பேஸ், அதாவது கறண்ட் லைன் மூன்று, வரும் பெரிய கடை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு பக்கம் மங்கும்போது மறுபக்கம் வழமையைவிடக் கூடுதலாக எரிந்தால் மெயின் நியூட்ரல் விட்டுப்போகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள், யோசிக்காமல் மெயினை நிற்பாட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கூடுதல் பக்கத்தில் உள்ள கணினி, ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும். மெயின் போர்டிலேயே 216க்குக் கீழே என்றால் அது உங்கள் வயரிங் அல்ல. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை எத்தனை மணிக்கு எவ்வளவு காட்டியது என்று நாலைந்து நாள் எழுதி உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கொடுங்கள், வெறுமனே "கறண்ட் குறைவு" என்று சொல்வதைவிட அது வேலை செய்யும்.

சரி, எமர்ஜென்சி லைற். 12 வோல்ற் பற்றரி, மீற்றர் வைத்தால் 12.5 என்று அழகாகக் காட்டியது. ரெஸ்ற் பட்டனை அமத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், ஒரு நிமிடத்துக்குள் 10.5க்குக் கீழே விழுந்தது. உள்ளே ஈயத் தகடு செத்துவிட்டது. ஏன் ஒரு வருடத்துக்குள் செத்தது என்று எனக்கும் உடனே பிடிபடவில்லை. அப்போதுதான் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணை, நீங்கள் பூட்டிக்கொண்டு போன பிறகும் உள்ளுக்கு வெளிச்சம் தெரியுது, லைற் நூக்க மறக்கிறியளோ எண்டு கேக்க இருந்தனான்" என்றார்.

விசயம் அதுதான். எமர்ஜென்சி லைற்றுக்கான லைனை ரியூப் லைற் சுவிற்சுக்குப் பிறகு எடுத்திருக்கிறார்கள். முதலாளி இரவு சுவிற்சை நூர்த்ததும், அந்தப் பெட்டி கறண்ட் போய்விட்டது என்று நினைத்து, ஒவ்வொரு இரவும் ஆளில்லாத கடைக்கு வெளிச்சம் கொடுத்துப் பற்றரியை வெறுமையாக்கியிருக்கிறது. இந்தப் பெட்டிகள் முழுக்கச் சார்ஜ் ஆக ஒரு நாள் அளவு வேண்டும். கடை திறந்திருப்பதோ பத்து மணித்தியாலம், அதுவும் 198 வோல்ற்றில் அரைகுறைச் சார்ஜ். ஈயப் பற்றரி பட்டினியை ஒருநாளும் மன்னிக்காது.

சுவிற்சுக்கு முன்னாலிருந்து, அதே லைற் சேர்க்கிற்றில், எப்போதும் கறண்ட் நிற்கும் லைன் ஒன்று எடுத்துக் கொடுத்தேன், புதுப் பற்றரியும் போட்டாயிற்று. மாதம் ஒருமுறை பட்டனை அமத்திப் பார்க்கவும், வருடத்தில் ஒருநாள் சேர்க்கிற்றின் பிரேக்கரை நிற்பாட்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மணிக்கூடு பார்க்கவும் சொன்னேன்.

உங்களிடமும் கடை இருந்தால் இன்றிரவு பூட்டிய கையோடு ஓடிவிடாமல், ஒரு நிமிடம் நின்று ஷட்டர் இடுக்கால் உள்ளே எட்டிப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால், நாளைக் காலை வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். வணக்கம்.