பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு: ஜார்ஜ் டவுன் உருவான கதை

வணக்கம் நண்பர்களே. சென்னைப் பாரிமுனையில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையின் கிழக்குக் கோடியில் நின்று பேசுகிறேன். கேமராவைத் தெற்கே திருப்புகிறேன், பாருங்கள்: உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடங்களும் மரங்களும் பரந்த வெளியும் தெரிகின்றன. வடக்கே, ஜார்ஜ் டவுன் பக்கம் திருப்பினால் ஒரு சாண் இடமும் மிச்சமில்லாமல் கடைகளும் சந்துகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரே சாலையின் இரு பக்கங்களுக்குள் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதே இன்றைய பதிவின் பொருள். இதை ஆங்கிலேயரின் நகரமைப்புத் திறமை என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தச் சாலையின் தெற்குப் பக்கத்தைக் காலியாக்கியது போர் அச்சம்தான்.

1639-இல் தாமர்ல வேங்கடபதி நாயக்கரிடம் அனுமதி பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, அடுத்த ஆண்டு முதல் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. நெசவாளர், சாயமிடுவோர், வணிகர், துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்-தரகர்கள் எனக் கம்பெனியின் வியாபாரத்துக்குத் தேவைப்பட்ட உள்ளூர் மக்கள் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே குடியேறினார்கள். ஆங்கிலேயர் 'கருப்பர் நகரம்' என்று குறிப்பிட்ட அந்தப் பழைய ஊர், இப்போது உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் இதே நிலத்தில்தான் இருந்தது. கடைத்தெரு, கோயில், வீடுகள் எல்லாம் இங்கே இருந்தன. சென்ன கேசவப் பெருமாளின் பழைய கோயிலும் இங்கேதான் இருந்தது.

1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையிலான பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் முற்றுகையிடும் எதிரி அவற்றில் மறைந்துகொண்டு சுட முடியும் என்பதால், அருகிலிருந்த வீடுகளை இடித்து வெட்டவெளியாக்கினார்கள். ஐரோப்பாவில் கையெழுத்தான எக்ஸ்-லா-ஷபேல் சமாதான உடன்படிக்கையின்படி 1749-இல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், இடிந்த வீடுகளைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்கள் பிரெஞ்சுக்காரரின் வேலையைத் தொடர்ந்து செய்து முடித்தார்கள். எஞ்சியிருந்த தெருக்களோடு 1757-இல் பெருமாள் கோயிலும் இடிக்கப்பட்டது. பீரங்கியின் பார்வைக்குக் குறுக்கே எது நின்றாலும் அதைக் கட்டியவர் யார், அங்கே கும்பிடுபவர் யார் என்ற கேள்விகளுக்கு இடமிருக்கவில்லை.

அந்த அச்சம் வீணானதும் அல்ல. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி பெரும்படையுடன் வந்து கோட்டையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரி வரை விடவில்லை. அந்த நாட்களில் பிரெஞ்சு வீரர்கள் ஆங்கிலேயரின் பழைய கல்லறைத் தோட்டத்துச் சமாதிகளுக்குப் பின்னே பதுங்கிப் போரிட்டார்கள். முற்றுகை முடிந்ததும் கம்பெனி சமாதிகளையும் விட்டுவைக்கவில்லை. அங்கிருந்த கல்வெட்டுப் பலகைகள் பெயர்க்கப்பட்டன. இன்று கோட்டைக்குள் தூய மரியன்னை ஆலயத்தின் முற்றத்தில் நாம் மிதித்து நடக்கிற கற்கள் அவைதான். தப்பிய நினைவுச் சின்னங்களில் ஒன்று உயர் நீதிமன்ற வளாகத்தில், பழைய சட்டக் கல்லூரிப் பக்கம் உயரமான கூம்பு வடிவில் நிற்கிறது. 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹூ யேலின் சிறு வயது மகன் டேவிட்டும், யேலின் மனைவியுடைய முதல் கணவர் ஜோசப் ஹின்மரும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கியிருப்பது இந்த ஆளுநரின் பெயரைத்தான்.

வீடிழந்தவர்கள் எங்கே போனார்கள்? பழைய ஊருக்கு வடக்கே முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை என்ற இரு புறநகர்கள் முன்பே வளர்ந்திருந்தன. வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவினருக்குள் எந்தத் தெரு யாருடையது, எந்தத் தெருவில் யாருடைய ஊர்வலம் போகலாம் என்று அங்கே பலமுறை கைகலப்பு நடந்து, 1707-இல் ஆளுநர் தாமஸ் பிட் தலையிட வேண்டிவந்தது. அந்த இரு பேட்டைகளும் சேர்ந்துதான் புதிய கருப்பர் நகரம் ஆயின. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் நினைவாக அதற்கு 'ஜார்ஜ் டவுன்' என்று பெயரிட்டார்கள்.

இப்போது நான் பூக்கடைப் பக்கம் நடந்து வந்திருக்கிறேன். என் பின்னால் தெரிவது இடிக்கப்பட்ட கோயிலுக்கு ஈடாக எழுந்த இரட்டைக் கோயில்: சென்ன கேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் பக்கத்துப் பக்கத்திலேயே எழுந்தருளியிருக்கிறார்கள். கம்பெனி மாற்று நிலம் கொடுத்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரும் ஊராரும் பணம் திரட்டினார்கள். 1760-களில் திருப்பணி நடந்தது. பெருமாளுக்கும் சிவனுக்கும் சேர்த்து ஒரே வளாகத்தில் ஊர்ப் பொதுவாக எழுந்த இந்தக் கோயிலை, இடம்பெயர்ந்த ஒரு நகரம் தன் பழைய முகவரியை மீட்டுக்கொண்ட செயலாகவே நான் பார்க்கிறேன். சென்னையின் வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் கோட்டையிலிருந்து தொடங்குவதே வழக்கம், இங்கிருந்தும் தொடங்கலாம்.

ஆர்மீனியருக்கும் இதே கதைதான். 1712-இல் பழைய ஊரில் கட்டிய தேவாலயத்தை இழந்த அவர்கள், 1772-இல் இப்போதைய ஆர்மீனியன் தெருவில் புதியதைக் கட்டினார்கள். அங்கே குருவாக இருந்த ஹாருத்யுன் ஷ்மாவோனியன் 1794-இல் 'அஸ்தரார்' என்ற இதழை வெளியிட்டார். ஆர்மீனிய மொழியில் உலகில் எங்குமே வெளிவந்த முதல் பருவ இதழ் அது. அது அச்சானது இந்த ஊரில் என்பது உள்ளூரில் பலருக்குத் தெரியாது.

இனி சுவருக்கு வருவோம். 1767-இல் மைசூர்க் குதிரைப்படை நகரின் புறப்பகுதிகளைச் சூறையாடியது. 1769-இல் ஹைதர் அலி தாமே பரங்கிமலை வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இணங்கவைத்தார். அதன்பின், புதிய ஊரின் வடக்கிலும் மேற்கிலும் பால் பென்ஃபீல்டு என்ற ஒப்பந்ததாரர் பெரிய மதிலை எழுப்பினார். அதைப் பராமரிக்க ஊர் மக்களிடம் வரி வசூலிக்கும் எண்ணம் கம்பெனிக்கு இருந்தது. வரித் திட்டம் நிலைக்கவில்லை. மேற்கு மதிலை ஒட்டிய பாதைக்கு வால்டாக்ஸ் சாலை, அதாவது 'மதில் வரிச் சாலை' என்ற பெயர் மட்டும் நிலைத்தது. அதிகாரப்பூர்வமாக அது வ.உ.சி. சாலை ஆன பிறகும் ஆட்டோ ஓட்டுநரிடம் பழைய பெயரைச் சொன்னால்தான் காரியம் ஆகிறது. மதிலின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. வடக்கே பழைய சிறைச்சாலைச் சாலைப் பக்கம் எஞ்சிய ஒரு துண்டின் மேல் 'மாடிப் பூங்கா' அமைந்திருக்கிறது. அந்தத் தடிப்பான சுவரில் ஏறிப் பார்த்தால்தான் எத்தனை பெரிய அச்சம் அதைக் கட்டவைத்தது என்பது உறைக்கும். ஊருக்குள்ளிருந்து கோட்டைக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோக கேப்டன் பேக்கர் 1772-இல் வகுத்த ஏழுகிணறும் இதே காலத்து ஏற்பாடு. முற்றுகை வந்தால் படைக்குத் தாகம் எடுக்கக்கூடாது அல்லவா?

வடக்கேயும் மேற்கேயும் மதில். தெற்கே, கோட்டைப் பக்கத்தில், கட்டடமே எழாத வெறும் வெளி. அந்த வெளியின் எல்லையைக் காட்ட 1773 ஜனவரி 1 என்ற தேதியைப் பொறித்து ஆறு தூண்கள் நட்டார்கள். தூண்களுக்குத் தெற்கே யாரும் வீடு கட்டக்கூடாது என்பது கட்டளை. போர்கள் ஓய்ந்த பின்னும் அந்தக் கட்டளையின் பலன் நீடித்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அரசுக்குப் பெரிய நிலம் தேவைப்பட்டபோது, கோட்டைக்கு அருகே கையில் தயாராக இருந்தது இந்த இடம்தான். 1892-இல் உயர் நீதிமன்றம் இங்கே திறக்கப்பட்டது. பதிவின் தொடக்கத்தில் நாம் பார்த்த பரந்த வெளிக்குக் காரணம் அதுவே.

ஆறு தூண்களில் ஒன்று மட்டும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி இன்னும் நிற்கிறது. பார்க்க விரும்புவோர் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் ஞாயிறு காலையில் வாருங்கள். வார நாட்களில் இந்த நடைபாதையில் நின்று ஒரு கல்வெட்டைப் படிப்பது எளிதன்று. நீதிமன்ற வளாகத்துக்குள் அனுமதியின்றி நுழையவோ படம் எடுக்கவோ முடியாது என்பதால் யேல் குடும்பச் சமாதியை இந்தக் காணொளியில் காட்டவில்லை. அடுத்த பதிவில் வலங்கை, இடங்கைத் தகராறுகள் நடந்த தெருக்கள் வழியே நடப்போம். முத்தியால்பேட்டையிலோ பெத்துநாயக்கன்பேட்டையிலோ தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பத்தினர் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் தெருவில் பெரியவர்கள் சொல்லும் பழைய எல்லைகளை எனக்கு எழுதுங்கள்.