தோற்றது யார்?

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் ஒரு தொடக்கக்கல்லூரியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவள் நான். 'தோல்வியுற்ற அரசு' பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்த ஒருநாள், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், ஜப்பான்காரன் காலத்துச் சிங்கப்பூரும் அப்படித்தானா?" மணியடித்துவிட்டது, அன்று அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

1991ல் சோமாலியாவில் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தது. அந்த இடத்தில் இன்னோர் ஆட்சி வந்து உட்காரவில்லை. வரி வாங்கவும் ஆளில்லை, நீதி வழங்கவும் ஆளில்லை. இப்படி நாட்டை ஆள முடியாமல் நொறுங்கிய அரசைச் சொல்ல, அந்தக் காலகட்டத்தில்தான் 'தோல்வியுற்ற அரசு' என்ற சொல் பரவியது. பிறகு 2005 முதல் ஓர் அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் தோல்வியுற்ற நாடுகளின் தரவரிசையை வெளியிட்டது. முதல் பட்டியலில் ஈராக் 4வது இடம். 2007ல் 2வது இடம்.

அந்த ஈராக்கில் அதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். 2003 ஏப்ரலில் அமெரிக்கப் படையிடம் பாக்தாத் வீழ்ந்தது. தேசிய அரும்பொருளகம் சூறையாடப்பட்டது. எண்ணெய் அமைச்சின் வாசலிலோ அமெரிக்கப் படை காவல் நின்றது. மே 22ஆம் தேதி, ஐநா பாதுகாப்பு மன்றத்தின் 1483ஆம் தீர்மானம் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்புச் சக்திகள் என்றே குறிப்பிட்டது. மறுநாளே, அங்கே அமெரிக்காவின் நிர்வாகியாக அமர்ந்திருந்த பால் பிரெமர் ஈராக்கிய இராணுவத்தைக் கலைத்தார். கையில் ஆயுதப் பயிற்சி, வீட்டில் சம்பளம் இல்லை என்று லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

1907ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகளில் 43ஆம் விதி, பிடித்த நிலத்தில் பொது ஒழுங்கையும் மக்களின் பாதுகாப்பையும் நிலைநாட்டும் பொறுப்பைப் பிடித்தவர் தலையில் வைக்கிறது. அப்படியிருக்க, பட்டியலில் ஈராக்கின் பெயர் மட்டும் ஏறியது எப்படி? தேர்வு எழுதியவர் ஒருவர், தோல்வி இன்னொருவர் பெயரில். ஆட்சி 2004 ஜூனில் ஈராக்கியரிடம் ஒப்படைக்கப்பட்டது உண்மைதான். கலைத்துப் போட்ட ஒரு படை ஒரே ஆண்டில் முளைத்துவிடுமா? சதாமின் கொடுமையையோ, பின்னால் சந்தையிலும் பள்ளிவாசலிலும் குண்டு வைத்தவர்களின் பாவத்தையோ நான் கழுவவில்லை. அந்தப் போரை நம் அரசாங்கமும் ஆதரித்தது, கப்பலும் அனுப்பியது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இனி அந்த மாணவியின் கேள்வி. 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை இந்தத் தீவுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் சியோனான். என் பாட்டி அப்போது சிராங்கூன் ரோட்டுப் பக்கம் குடியிருந்தார். "திருட்டுப் பயமே கிடையாது" என்பார். ஏன் என்று கேட்டால், வெட்டிய தலைகளைப் பொது இடத்தில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார். துப்பாக்கி ஒரே கையில், உத்தரவு ஒரே வாயில். ஒழுங்கை மட்டும் வைத்து அளந்தால் சியோனான் தேறிவிடும். ஆனால் சூக் சிங் என்ற களையெடுப்பில் சீன ஆண்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். தோட்டப்புறத் தமிழர்களைச் சியாம் ரயில் பாதைக்கு ஏற்றிப்போனார்கள். ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் சோறு.

அது தோல்வியுற்ற அரசு அல்ல, அம்மா. நமக்கென்று ஓர் அரசே அப்போது இல்லை. பிரிட்டிஷார் விட்டுப் போனார்கள், ஜப்பானியர் பிடித்தார்கள்.

என்னை இன்னும் உறுத்துவது கம்போடியா. போல் போட்டின் ஆட்சியில், 1975க்கும் 1979க்கும் இடையில், ஏறத்தாழ 17 லட்சம் பேர் மாண்டார்கள். நகரங்களைக் காலி செய்தார்கள், பணத்தையே ஒழித்தார்கள். ஆக்கிரமிப்புக்கு முன்பே சொந்த மக்களிடம் தோற்றுப்போன அரசு அது. 1979 ஜனவரி 7ஆம் தேதி வியட்நாமியப் படை புனோம்பென்னுக்குள் நுழைந்ததும் அந்தக் கொலைக்களம் நின்றது. ஆனால் அந்தப் படை பத்தாண்டு தங்கிவிட்டது.

அப்போது நம் வெளியுறவு அமைச்சர், யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்னம். அவருக்குப் பின் எஸ். தனபாலன். ஓர் அரசு எவ்வளவு கொடியதாக இருந்தாலும், அண்டை நாடு படையோடு வந்து இன்னோர் அரசை அமர்த்துவதை ஏற்க முடியாது என்று சிங்கப்பூர் நின்றது. அந்த நிலைப்பாடு சரி என்றே நான் நினைக்கிறேன். நம்மைப் போன்ற சிறிய நாட்டுக்கு வேறு வேலி ஏது? அடுத்த வீடு பாழ் என்று நாமே தீர்ப்பு எழுதி உள்ளே போகலாம் என்றால், நாளை நம் கதவையும் தட்டுவார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது: ஐநாவில் கம்போடியாவின் இருக்கை போல் போட்டின் இயக்கமான கெமர் ரூஜ் பக்கமே இருந்தது. குடும்பத்தைப் பறிகொடுத்த ஒரு கம்போடியத் தாயின் முன் நின்று இந்த வாதத்தை என்னால் சொல்ல முடியுமா? முடியாது.

வியட்நாமியப் படை 1989ல் வெளியேறியது. 1991ல் பாரிஸ் உடன்பாடு, 1993ல் ஐநா நடத்திய தேர்தல். அந்தத் தேர்தலில் வாக்குப் போட வரிசையில் நின்றவர்கள், அரசு இரண்டு முறை கைவிட்ட அதே மக்கள்.

பாட்டியின் தகரப் பெட்டியில் ஜப்பானியர் காலத்துப் பத்து வெள்ளி வாழைமர நோட்டு ஒன்று இருந்தது. ஜப்பானியர் சரணடைந்ததும் அது வெறும் காகிதமானது. அதற்கு யாரும் மாற்றுப் பணம் தரவில்லை. பாட்டி அதைக் கிழிக்கவில்லை. "யார் அச்சடிச்சான்னு தெரியணும்ல" என்பார். இப்போது அது என்னிடம் இருக்கிறது.